ஏழு இடம் என்று விற்பார்கள், நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

தாய்லாந்தின் ஃபுக்கெட்டில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மேசை, ஒரு குடை, அதன் கீழே படகுப் பயணத்துக்கு டிக்கெட் விற்கும் ஓர் அம்மாள். மேசை மேல் லேமினேட் செய்த அட்டைகள். 'நாலு தீவு', 'ஆறு தீவு', 'ஏழு இடம், மதியச் சாப்பாட்டோடு' என்று எண்ணிக்கையை வைத்துத்தான் வியாபாரமே. எண்ணிக்கை கூடக் கூட விலையும் கூடும். நான் திருநெல்வேலியை ஒட்டிய தாழையூத்துப் பக்கம் சிமெண்டும் கம்பியும் விற்கிறவன். எண்ணிக்கை காட்டி எப்படி விற்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் பக்கத்திலிருந்து டீலர் டூரிலும் குடும்பத்தோடும் இப்போது நிறையப் பேர் தாய்லாந்து போகிறார்கள். போகிற எல்லாரும் ஃபி ஃபி தீவுகளுக்குப் படகு ஏறுகிறார்கள். பாதிப் பேர் திரும்பி வந்து, "ஒரே கூட்டம் வே, ஒண்ணும் இல்ல" என்கிறார்கள். இடம் அருமையான இடம். போகிற விதத்தில்தான் கோளாறு.

முதலில் கம்பெனி குரூப்போடு ஃபுக்கெட்டிலிருந்து ஸ்பீட் போட்டில் போனோம். குரூப் ஊருக்குக் கிளம்பியதும், சொந்தச் செலவில் ஃபி ஃபி டானிலேயே அறை எடுத்துத் தங்கி, உள்ளூர் நீள்வால் படகில் (லாங் டெயில் போட்) அதே இடங்களைச் சுற்றினோம். கூட வந்தது என் மனைவி, மணப்பாட்டு அண்ணாச்சி, மதினி. அண்ணாச்சிக்கு உடன்குடியில் ஹார்டுவேர் கடை. ஆனால் அப்பா, தாத்தா எல்லாரும் வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். கடல் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும். நான் குறுக்குத்துறையில் நீச்சல் பழகியவன். எனக்குக் கடல் என்றால் திருச்செந்தூரில் முழுக்குப் போடுகிற அளவுதான்.

ஃபி ஃபி என்பது கிராபி மாகாணத்தைச் சேர்ந்த ஒரு சின்னத் தீவுக் கூட்டம். ஊர், ஹோட்டல், கடை எல்லாம் ஃபி ஃபி டானில். அதற்குத் தெற்கே ஃபி ஃபி லே, குடியிருப்பு இல்லாத தீவு. மாயா பே, பிலே காயல், வைக்கிங் குகை என்று அட்டையில் போட்டிருக்கும் பெயர்களில் பாதி அந்த ஒரே தீவில்தான் இருக்கின்றன. 1983-லிருந்து தேசியப் பூங்கா. வெளிநாட்டுக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் 400 பாட், பிள்ளைகளுக்கு 200. ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலையில் இது சேர்த்தியா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

ஸ்பீட் போட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு ஹோட்டல் வாசலில் வேன். அது இன்னும் நாலைந்து ஹோட்டல் சுற்றி, துறைக்குப் போய், கையில் கலர் பட்டை கட்டி, காப்பி பிஸ்கட் கொடுத்து, செருப்பையெல்லாம் கழற்றிக் கூடையில் போடச் சொல்லி, படகு நகரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. நாற்பது பேருக்குக் குறையாது. ஃபி ஃபிக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், உட்கார்ந்தால் இடுப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஒவ்வோர் அலைக்கும் படகு எழும்பித் தட்டென்று விழுகிறது. முதுகுவலிக்காரர்களும் மாசமாக இருப்பவர்களும் ஏறக் கூடாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பின்னால் இன்ஜின் பக்கம் இடம் பிடியுங்கள். சத்தம் கூடுதல், ஆட்டம் குறைவு. மதினி ஊரிலிருந்தே சுக்குக் கருப்பட்டி ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். யாருக்கு முகம் வெளுத்ததோ அவருக்கு ஒரு துண்டு. விசாகப்பட்டினத்துக்காரப் பையன் ஒருவன் அதை வைத்துத்தான் கரை சேர்ந்தான்.

இனி ஏழு இடக் கணக்குக்கு வருவோம். வைக்கிங் குகை முன்னால் படகு வேகத்தைக் குறைத்தது. கைடு மைக்கில் இரண்டு வார்த்தை சொன்னார். உள்ளே மூங்கில் சாரம் கட்டியிருப்பது தெரிந்தது. உழவாரக் குருவி எச்சிலால் கட்டுகிற கூட்டை அங்கே எடுக்கிறார்கள். சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிற, பவுன் விலை விற்கிற சரக்கு. சுவரில் பழைய படகு ஓவியங்கள் இருப்பதால் குகைக்கு அந்தப் பெயர். உள்ளே போக அனுமதி கிடையாது. ஆளுக்கொரு போட்டோ எடுப்பதற்குள் படகு கிளம்பிவிட்டது. இது ஓர் இடம். குரங்குக் கடற்கரை என்று ஒன்று. படகு தள்ளியே நின்றது. நாங்கள் குரங்கைப் பார்த்தோம், குரங்கு எங்களைப் பார்த்தது. இது இன்னோர் இடம். இறக்கிவிடாததில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குரங்குகள் கடிக்கும், கடித்தால் வெறிநாய்க்கடி ஊசிதான், டூர் முழுக்க ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டும். ஆனால் அதை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? மாயா பேக்குப் போகப் படகு கட்டுகிற பின்பக்கத்து லோ சமா துறையும் ஒரு தனி இடம். கோவில்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு கங்கைகொண்டானையும் கயத்தாற்றையும் பார்த்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரிதான் இந்த ஏழும். கால் தரையில் பட்டது மூன்றே இடத்தில்.

அந்த மூன்றில் மாயா பேக்குத்தான் எல்லாரும் அலைகிறார்கள். 1999-ல் அங்கே ஒரு ஹாலிவுட் படம் எடுத்தார்கள். அதிலிருந்து கூட்டம். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து, படகுகள் நங்கூரம் போட்டுப் போட்டுப் பவளப்பாறை நாசமாகி, 2018 ஜூனில் இழுத்து மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் வருடா வருடம் ஆகஸ்டு, செப்டம்பரில் மூடல். படகு எதுவும் விரிகுடாவுக்குள் வரக் கூடாது; பின்பக்கம் மிதவைத் துறையில் இறங்கி, மரத்துக்கு நடுவே பலகைப் பாதையில் நடந்துதான் வர வேண்டும். குளிக்கவும் முடியாது. முட்டளவுக்கு மேல் ஒருவர் போனாலும் விசில்.

நம் ஆட்கள் நிறையப் பேர் இதற்குத்தான் சலித்துக்கொண்டார்கள். "இவ்வளவு தூரம் வந்து குளிக்க விடலேன்னா என்னவே அர்த்தம்" என்று குரூப்பில் ஒருவர் சண்டைக்கே போனார். எனக்கு அந்த விசில்காரர் மேல் கோபம் வரவில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் கடலுக்குள்ளிருந்து பவளப்பாறையை வெட்டிக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாசலில் போட்டு எரித்தார்கள். எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் தெரியும். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று படிக்கிறோம். அதில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1986-ல் அந்தத் தீவுப் பகுதி தேசியப் பூங்கா ஆனது, 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். மாயா பேயிலோ மூடினார்கள், பவளத்தை நட்டார்கள், சுறா திரும்பி வந்துவிட்டது. கரையிலிருந்து பத்தடியில் கறுப்பு முனை வைத்த துடுப்பு ஒன்று தண்ணீருக்கு மேல் கோடு போட்டுக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் மூச்சுவிடாமல் வீடியோ எடுத்தார்கள். அண்ணாச்சி, "பால்சுறா பருவந்தான் தம்பி. எனக்குச் சுறாப்புட்டு ஞாபகம்லா வருது" என்றார்.

மாயா பே பார்க்க வேண்டிய இடம்தான். மணல் மாவாக இருக்கும், மூன்று பக்கமும் மலை. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே செய்வதற்கு ஒன்றும் கிடையாது. வெயில், வரிசை, போட்டோ. அவ்வளவுதான்.

பிலே காயல்தான் என் கணக்கில் இந்தப் பயணத்தின் முழு விலையும். ஸ்பீட் போட் எங்களை அங்கே இருபது நிமிடம் விட்டது. உள்ளே ஏற்கெனவே இருபது படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, தண்ணீர் மேல் டீசல் வாடை. 'ஒரே கூட்டம் வே' என்று சொல்கிறவர்கள் பார்ப்பது இந்த பிலேயைத்தான். நீள்வால் படகில் விடியற்காலை போனபோது எங்களுக்கு முன்னால் இரண்டே படகு.

ஃபி ஃபி டானில் டோன்சாய் துறையில் இந்தப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மூன்று மணி நேரத்துக்குப் படகு முழுவதும் 2000 பாட் என்று பேசினோம். முதல்நாள் சாயங்காலமே பேசி முடித்தால் நல்லது; காலையில் பேரம் பேசினால் அந்த நேரம் போய்விடும். மரப் படகு. அணியம் உயரமாக வளைந்து நிற்கும், அதில் மூன்று கலரில் துணியும் பூமாலையும். மே யா நாங் என்று ஒரு தெய்வம் படகில் குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மதினி அணியத்தில் கால் வைத்து ஏறப்போனபோது படகோட்டி பதறி, பக்கத்து ஏணியைக் காட்டினார். அண்ணாச்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மதினியைத்தான் ஓர் அதட்டு அதட்டினார்.

இன்ஜின் ஒரு வேடிக்கை. வண்டி இன்ஜின் ஒன்றை மூடிகூட இல்லாமல் ஒரு முளையின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு, நுனியில் விசிறி. சுக்கான் தனியாகக் கிடையாது. கைப்பிடியைப் பிடித்து இன்ஜினையே தள்ளித்தான் படகைத் திருப்புகிறார். அழுத்தினால் தண்டு தண்ணீரைவிட்டு மேலே வரும். தண்டு ஒன்றரை இன்ச் ராடு என்று அண்ணாச்சியும், ஒன்றேகால் என்று நானும் ஃபி ஃபி லே வரும்வரை சண்டை போட்டோம். அந்தச் சத்தத்தில் இரண்டு பேர் பேசியதும் யாருக்கும் கேட்டிருக்காது. காதுக்குப் பஞ்சு எடுத்துப்போங்கள்.

பிலேயின் வாய் குறுகல், அங்கே ஆழமும் குறைவு. படகோட்டி கைப்பிடியை அழுத்தித் தண்டைப் பாதி தூக்கிப் பிடித்தபடி, பச்சைத் தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்த பாறைத் திட்டை ஒதுக்கிக்கொண்டு, மெள்ள உள்ளே விட்டார். அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி தண்ணீரைப் பார்க்கவே இல்லை, பாறையைக் காட்டினார். தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், பாறையில் ஒரு கோடு. கீழே சிப்பி ஒட்டிய கறுப்பு, மேலே சுத்தமான வெள்ளை. "அம்புட்டு உயரம் தண்ணி ஏறுமா? நம்ம பக்கம் இடுப்பளவு ஏறுனா பெரிசு தம்பி" என்றார். உண்மைதான். தூத்துக்குடியில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர்தான், அந்தமான் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டருக்கு மேலே போகிறது. இது பயணத்துக்கு வேண்டிய தகவல்: வற்றத்தில் போனால் பெரிய படகுகள் பிலே வாயில் திணறும், ஊருக்கு வடக்கே இருக்கும் லோ டாலும் கடற்கரையில் தண்ணீர் எங்கோ தள்ளிப் போய்ச் சேறு மட்டும் கிடக்கும். அன்றைய ஏற்ற நேரத்தை அறை எடுத்த இடத்தில் கேட்டுவிட்டுப் படகு பேசுங்கள்.

சுற்றிலும் செங்குத்தாகச் சுண்ணாம்புக்கல். எனக்குத் தொழில் புத்தி போகுமா? 1949-லிருந்து தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடுவது இந்தக் கல்லை நம்பித்தான். எங்கள் ஊரில் அது தரைக்குக் கீழே குழி தோண்டி எடுக்கிற சாம்பல் கட்டி. இங்கே அதே கல் கடலுக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கிறது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கரைந்து குகையாகும், கூரை விழுந்தால் நடுவில் பள்ளம், பள்ளத்துக்குள் கடல் புகுந்தால் காயல். நீந்திப் போய்ச் சுவரைத் தொட்டேன். அடியில் அலை அரித்து உள்ளே வளைந்திருக்கிறது, தலைக்கு மேல் கல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்து சுண்ணாம்பு சொட்டிச் சொட்டிக் காய்ந்த விழுதுகள், நுனியில் இன்னும் ஒரு சொட்டு. கல்லை அழுத்திப் பிடிக்காதீர்கள், கத்தி. கறுப்பு முள் நீட்டிக் கிடக்கும் கடல்முள்ளெலியும் உண்டு. கால் ஊன்றி நிற்பதாக இருந்தால் ரப்பர் ஷூ வேண்டும்.

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அரை மணி நேரத்தில் கையை விட்டுவிட்டு மல்லாந்து மிதந்தாள். உப்புத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கிறது, அலை கிடையாது. அவசரப்படுத்த ஆளில்லை என்பதால்தான் அது நடந்தது. இருபது நிமிடத்தில் விசில் ஊதியிருந்தால் ஏணியிலேயே நின்றிருப்பாள். பெண்கள் சுடிதாரோடு இறங்கலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சேலை மட்டும் வேண்டாம், கால் சுற்றிக்கொள்ளும்.

ஒரு குறை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் படத்தில் பார்க்கிற நீலமாக இருக்காது. மலை நிழல் விழுந்து மங்கலாக இருந்தது. வெயில் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கிய பிறகுதான் அந்தப் பச்சையும் நீலமும் வந்தது. அதற்குப் பத்து நிமிடம் கழித்து முதல் ஸ்பீட் போட்டும் வந்தது. போட்டோ முக்கியம் என்றால் ஒன்பதரை, நீந்துவது முக்கியம் என்றால் விடியற்காலை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. மூங்கில் தீவு: மணல் நன்றாக இருக்கிறது, மதியத்தில் கால் சுடும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சாப்பாடு: ஸ்பீட் போட்டில் போனால் ஃபி ஃபி டானில் பஃபே. சோறு, பொரித்த கோழி, நூடுல்ஸ், வதக்கிய காய், தர்ப்பூசணி. தீவில் முஸ்லிம்கள் அதிகம் என்பதால் ஹலால் கிடைப்பதில் பிரச்சினை இல்லை. சைவக்காரர்கள்தான் கவனிக்க வேண்டும்: காய்கறி என்று வைத்திருப்பதிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். எங்கள் குரூப்பில் ஒரு சைவப் பிள்ளைமார் குடும்பம் தர்ப்பூசணியை வைத்தே மதியத்தை ஓட்டியது. பருப்புப் பொடி பாக்கெட் ஒன்று கைப்பையில் இருந்தால் போதும், வெள்ளைச் சோறு தாராளமாகக் கிடைக்கும்.

தோலில் தடவுகிற சன்ஸ்கிரீனில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இருந்தால் தாய்லாந்துத் தேசியப் பூங்காக்களில் 2021-லிருந்து தடை, பவளத்துக்கு ஆகாது. பாட்டில் பின்னால் படித்துவிட்டு வாங்குங்கள்.

சுனாமி பற்றி வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். ஃபி ஃபி டானின் ஊரே இரண்டு மலைக்கு நடுவில் ஒரு குறுகிய மணல் பட்டையில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இரண்டு பக்கமும் தண்ணீர் வந்து ஊரைத் துடைத்துவிட்டது. இப்போது மேட்டுக்கு ஓடுகிற வழியை அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அறைச் சாவி வாங்கியதும் அண்ணாச்சி முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தது அந்த வழியைத்தான்.

பருவம் முக்கியம். குற்றாலத்தில் சீசன் என்றால் அங்கே கடல் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். மே முதல் அக்டோபர் வரை விலை மலிவாகச் சொல்லி இழுப்பார்கள், படகு ரத்தானாலும் ஆச்சரியமில்லை, மாயாவும் இரண்டு மாதம் பூட்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை போங்கள்.

செலவு: ஸ்பீட் போட் குரூப்பில் ஆளுக்கு 1800 பாட், பூங்காக் கட்டணம் சேர்த்து 2200. நீள்வால் படகில் நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 500, கட்டணம் 400, ஆக 900. ஃபெர்ரிக்கும் தீவில் ஓர் இரவு அறைக்கும் மேற்கொண்டு ஆகும். அறை வாடகை அங்கே கொள்ளைதான், அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் ஒரே நாளில் ஃபுக்கெட்டிலிருந்து போய்த் திரும்புவதற்கு நான் இனி யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வேறு வழியில்லை, ஒருநாள்தான் என்றால், அட்டையில் எத்தனை இடம் என்று பார்க்காதீர்கள். பிலேயில் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த குடைக்குப் போங்கள், இருபதடியில் இருக்கும்.